தீபாவளியன்று நீ பார்த்தது பன்னு இல்லை

விருத்தாசலம்,
கார்த்திகை, விடாத மழை.

அன்பு மகள் மோகனப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியமாக இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைக் கவனித்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். வழக்கமாக இதற்கு அடுத்து பன்னுவும் சௌக்கியம் என்று சொல்லுவேன். இந்த முறை அந்த வார்த்தையைச் சொல்ல வாய் வரவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

தினம் போனில் பேசுகிற காலத்தில் அம்மா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் நாலு வார்த்தை சொல்லி அதை மூடிவிடுகிறார். மெசேஜ் அனுப்பலாம் என்றால் என் போனை அவரும் எடுத்துப் பார்ப்பார், கண்ணாடி போடாமல் படித்துவிட்டு வேறு ஏதாவது அர்த்தம் செய்துகொண்டு சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். நம் வளர்மதி மகன் நிலவன் மேல்படிப்புக்கு டப்ளினுக்கே வருகிறான், அவன் பெட்டியில் வடகமும் இட்லிப்பொடியும் கொடுத்தனுப்புகிறேன், அதோடு இதையும் மடித்து வைத்துவிட்டேன். வடகத்தை ஒருதரம் வெயிலில் காட்டு. அங்கே வெயிலே இல்லை என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது, அப்படியானால் ஜன்னல் ஓரமாகவாவது வை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன் பாப்பா. பன்னுவுக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போய்விட்டது. ஆடி மாதமே தெரியும். பயப்படாதே, இதை எழுதும்போது உயிரோடுதான் இருக்கிறான், என் காலுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு பேனா போகிற பக்கமெல்லாம் கண்ணை உருட்டிப் பார்க்கிறான். ஆனால் தீபாவளியன்று வீடியோவில் பார்த்துவிட்டு, பன்னு நல்லா சதை போட்டுட்டானே, பட்டாசு சத்தத்துக்குக்கூட அசையாம எவ்ளோ தைரியமா உக்காந்திருக்கான் என்று சந்தோஷப்பட்டாயே, அது பன்னு இல்லை. அது பீங்கான். உங்கப்பா செய்த பொம்மை. பீங்கானைப் பட்டாசு என்ன செய்யும். வேப்பூரில் பஸ் நின்றபோது நீ பாதி பன்னைப் பிட்டுப் போட, மீதிப் பாதிக்காகப் பஸ்ஸுக்குள்ளேயே ஏறி வந்து உன் மடியில் உட்கார்ந்த நாய்க்குட்டி, இன்றைக்கு முதுகெலும்பு ஒவ்வொன்றும் தெரிகிற மாதிரி இருக்கிறான். உனக்கு இதைச் சொல்லாமல் இருந்தது தப்பு. எப்படி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தோம் என்று முதலிலிருந்து சொல்லுகிறேன், சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி.

வைகாசியில் பன்னு தண்ணீர் அதிகமாகக் குடிக்க ஆரம்பித்தான். வெயிலுக்குத்தான் என்று நானும் மொண்டு மொண்டு ஊற்றினேன். குடித்த அளவுக்கு வெளியேயும் போனான், ஒருநாள் கூடத்திலேயே போய்விட்டு என் முகத்தைப் பார்க்காமல் பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான், இத்தனை வயதில் அவன் அப்படிச் செய்ததே இல்லை. அப்புறம் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு நகர ஆரம்பித்தான், வாயில் ஒரு மாதிரி நாற்றம். உங்கப்பாவிடம் சொன்னேன். அவர் அப்போது வேறொரு வியாதியில் இருந்தார். தங்கராசு சித்தப்பாவின் பீங்கான் பட்டறையில் புதிதாக எந்தப் பொம்மை போட்டாலும் முதல் மாதிரியைக் களிமண்ணில் செய்து தருவது உங்கப்பாதானே, அதில் அச்சு எடுத்துத்தானே அவர்கள் நூறு நூறாக வார்ப்பார்கள். இரண்டு வருடமாக அவருக்குப் புதிதாக ஒன்றுமே வரவில்லை. பிள்ளையார் செய்தால் போன வருஷத்துப் பிள்ளையாரே திரும்பி வந்தார். கிருஷ்ணன் செய்தால் அவருக்கும் தொந்தி விழுந்து பிள்ளையார் சாயல் வந்தது. கொலுவுக்குப் புதுசா ஏதாவது குடுங்கண்ணே என்று தங்கராசு போன் செய்தபடி இருக்க, இவர் பின்கட்டில் மண்ணைப் பிசைந்து பலகைமேல் வைத்துவிட்டு அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்ன என்று கேட்டால் கை வரல என்பார். சாப்பாட்டு வேளைக்கு மட்டும் அந்தக் கை தவறாமல் வந்துவிடும். கடைக்குப் போய் ரெண்டு கத்தரிக்காய் வாங்கி வாங்க என்றால் கற்பனை கலைந்துவிடும். வராத கற்பனை எப்படிக் கலையும் என்று நான் கேட்கவில்லை, குடும்பம் நடக்க வேண்டும் அல்லவா.

நான்தான் ஆட்டோ பிடித்துப் பன்னுவை மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன், உங்கப்பாவும் கூட வந்தார். அங்கே பிரபா என்று ஒரு டாக்டரம்மா, உன் வயதுதான் இருக்கும். ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி வரச்சொல்லி எங்களை உட்காரவைத்துச் சொன்னாள். "ரெண்டு கிட்னியும் போயிடுச்சும்மா. இனிமே சரி பண்ண முடியாது. கஷ்டப்படாம வெச்சிக்கலாம். அதுக்கு வூட்டுல ஒரு ஆளு கூடவே இருக்கணும்." ஒரு ஆள் என்று சொல்லும்போது அந்தப் பெண் என்னைத்தான் பார்த்தாள், அப்பா பக்கம் திரும்பவே இல்லை. உங்கப்பா வெளியே போய் மரத்தடியில் நின்று தேம்பித் தேம்பி அழுதார். ஊசி போட ஆடு ஓட்டி வந்திருந்த ஒருவர் அவர் தோளைத் தட்டி, எத்தினி ஆடுங்க போச்சு என்று துக்கம் விசாரித்தார். வீட்டுக்கு வந்து குளிக்கக்கூட இல்லை, நேராகப் பின்கட்டுக்குப் போனார். விளக்கு வைக்கும்போது காபி கொண்டுபோனேன், பலகைமேல் பன்னு படுத்திருந்தான். காதை மடித்துக்கொண்டு, முன்னங்கால் ஒன்றின்மேல் ஒன்றைப் போட்டுக்கொண்டு அவன் படுப்பானே, அப்படியே. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு வருடமாக வராத கை, நாய்க்குச் சாவு என்று சொன்ன அன்றைக்கு வந்துவிட்டது.

அன்றிலிருந்து வீட்டில் இரண்டு தொழில் நடந்தது. என் தொழில் என்னவென்றால் சோற்றைக் குழைய வடித்து, பரங்கிக்காய் வேகவைத்துப் பிசைந்து, முட்டையில் வெள்ளையை மட்டும் சேர்த்து, அவன் வாயைத் திறக்கிற நேரம் பார்த்து ஊட்டுவது. சத்துணவுக்கூடத்தில் அத்தனை பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டு ரிடையர் ஆனவள், இவன் ஒருத்தனைச் சாப்பிடவைக்க முடியாமல் அடுப்படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அப்புறம் சலைன். கழுத்துக்குப் பின்னால் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி அடியில் ஊசியை நுழைக்க வேண்டும், பாட்டிலை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு அது இறங்குகிற வரைக்கும் அவனைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிரபா சொல்லிக்கொடுத்தாள். முதல் தடவை நான்தான் ஐயோ என்றேன், அவன் ஒரு சத்தமும் போடவில்லை. உங்கப்பாவுடைய தொழில் பார்ப்பது. நான் பாத்திரம் கழுவப் போகும்போது அவனைக் கொஞ்சம் பாத்துக்குங்க என்று சொல்லிவிட்டுப் போவேன், உங்கப்பா சொன்ன சொல் தட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்தப் பக்கம் இருந்து பார்த்தார், அந்தப் பக்கம் இருந்து பார்த்தார், ஸ்டூல்மேல் ஏறி நின்று மேலிருந்து பார்த்தார். அவன் வாந்தி எடுத்தால், அம்சா, வாந்தி எடுத்துட்டான் என்று எனக்குக் குரல் கொடுப்பார். கையெல்லாம் மண்ணாக இருக்கும்போது பாவம் எப்படித் துடைப்பார்.

பின்கட்டு அலமாரியில் பொம்மைகள் நிறைந்துகொண்டே வந்தன. சொறிகிற பன்னு, கொட்டாவி விடுகிற பன்னு, வாசல்படியில் மோவாயை வைத்த பன்னு. சலைன் ஏற்றினால் தண்ணீர் தோலுக்கடியில் சேர்ந்து கொஞ்ச நேரம் முதுகில் திமில் மாதிரி நிற்கும், அதையும் விடவில்லை, திமில் வைத்த பன்னுவும் ஒன்று செய்தார். பொய் சொல்லக்கூடாது பாப்பா, எல்லாம் அவ்வளவு நன்றாக இருந்தது. கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து அவர் செய்த எதையும் நான் நின்று பார்த்ததில்லை, இவற்றை நின்று பார்த்தேன். அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. அவன் இளைக்க இளைக்க இவருக்கு முகம் தெளிந்தது. இரண்டு வருடம் தூக்கமில்லாமல் புரண்டவர் குறட்டை விட்டார், ஷேவ் செய்துகொண்டார், பழைய பாட்டெல்லாம் முணுமுணுத்தார். ஒருநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, வெலா எலும்பு மேல வெளிச்சம் வுழுவுது பாரு அம்சா, இப்பதான் அவனோட நெசமான உருவமே வெளிய வருது என்றார். நான் வாந்தி துடைத்த துணியைக் கையில் வைத்திருந்தேன். "அவன் செத்துக்கிட்டு இருக்கான். நீங்க வெளிச்சம் பாக்குறீங்க." இவ்வளவுதான் சொன்னேன். அவர் அன்றைக்கு மண்ணைத் தொடவில்லை. மறுநாள் தொட்டார்.

ஆவணியில் தங்கராசு வந்தார். அலமாரியைப் பார்த்துவிட்டு அண்ணே இதுதாண்ணே உங்க கையி என்றார், உங்கப்பாவுக்கு மூன்று நாள் சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் தங்கராசு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். திமில் வைத்ததைத் தூக்கி, இது மாடா நாயாண்ணே என்று கேட்டுவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார். கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு, எல்லாம் அருமைதான், ஆனா இப்பிடி நோஞ்சானா இருந்தா கொலுவுல யாரு வெப்பா, கொஞ்சம் சதையப் போட்டு, வால நிமுத்தி, கழுத்துல ஒரு செவப்புப் பட்டைய மாட்டி வுடுங்க, நான் பாத்துக்கறேன் என்றார். உங்கப்பா சண்டை போடுவார் என்று நினைத்தேன். கலைஞனுக்குக் கோபம் வரும் என்று கேள்விப்பட்டதுதான், கத்தரிக்காய்க்கு வந்த கோபம் இதற்கு வரவில்லை. இரண்டே நாளில் சதை போட்டார், வாலை நிமிர்த்தினார். உள்ளே நிஜப் பன்னு எலும்பாக, வெளியே மண் பன்னு கொழுகொழுவென்று. மண்ணுக்கு ஊட்டுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அந்தப் பொம்மை போன போக்கை என்ன சொல்ல. பீங்கான் எஸ்டேட்டில் மற்ற பட்டறைக்காரர்கள் இரண்டு வாங்கிப் போய்ப் பார்த்துப் பார்த்து நகல் எடுக்க முயன்றார்கள். கொலுவுக்கு வாங்கினார்கள், ஷோகேஸுக்கு வாங்கினார்கள், கல்யாண வீட்டுக்குப் பரிசாகக் கொண்டுபோனார்கள். யாரோ ஒரு மகராசி பைரவர் வாகனம் என்று நினைத்துப் பொட்டு வைத்து விளக்கும் ஏற்றுகிறாளாம். பிரபா டாக்டரே ஒன்று வாங்கித் தன் மேஜைமேல் வைத்திருக்கிறாள், அதே மேஜைக்குக் கீழேதான் நான் பன்னுவைப் படுக்கவைத்து எடை பார்க்கக் காத்திருப்பேன். மேலே இருப்பது ஒவ்வொரு தடவையும் அதே எடை, கீழே இருப்பது ஒவ்வொரு தடவையும் குறைந்திருக்கும். கொலு முடிந்த கையோடு பெண்ணாடத்திலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்தது, பொம்மை வாங்கினவர்கள், எந்த நாயைப் பார்த்துச் செய்தார் என்று காட்டச்சொல்லித் தங்கராசுவைப் பிடித்து நம் வீட்டுக்கே கூட்டி வரச்சொல்லிவிட்டார்கள். பன்னு வாசல் நடையில் படுத்திருந்தான். அந்த அம்மா பார்த்துவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்து, "இதுவாங்க அது?" என்று கேட்டார்கள். உங்கப்பா என்னைப் பார்த்தார், பன்னுவைப் பார்த்தார். "இல்லீங்க. இது வேற நாயி." அவனுக்கு என்ன புரிந்ததோ, அப்பா குரல் கேட்டதும் வாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினான். நான் உள்ளே போய் டீ போட்டேன், எல்லோர் டீயிலும் சர்க்கரை போட மறந்துவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டுப் போனார்கள்.

ஒருதரம் சொன்ன பொய் இரண்டாந்தரம் சுலபமாக வந்துவிடுகிறது. தீபாவளியன்று நீ கூப்பிட்டபோது பன்னு கட்டிலுக்கடியில் இருந்தான், சத்தத்துக்கு நடுங்கிக்கொண்டிருந்தான், அவனை வெளியே இழுக்க எனக்கு மனசு வரவில்லை. அப்பா போனை வைத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிக் காட்டினார், டிவி ஸ்டாண்டில் அந்தப் பொம்மை இருந்தது, கிட்டத்தில் போனதில் பெரிதாகத் தெரிந்தது, சிக்னல் வேறு கலங்கலாக இருந்தது, நீயே பன்னு என்று நினைத்துச் சிரித்தாய். எத்தனையோ நாள் கழித்து நீ அப்படிச் சிரித்ததைப் பார்த்தோம். அப்பா வாயைத் திறந்து மூடினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன், எனக்கும் வாய் இருந்தது. நீ போனை வைத்த பிறகு அவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அதிரசம் கொடுத்தேன், வேண்டாம் என்றார். அவர் அதிரசம் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. மறுநாள் அந்தப் பொம்மையை எடுத்து மூட்டை கட்டிப் பரணில் போட்டார்.

அடுத்த வாரம் நல்லூரில் உன் அன்புக்கரசி சித்தி வீட்டுக் கிரகப்பிரவேசம். போகாமல் இருந்தால் அவள் என்னைப் பேசவிடுவாளா. காலையிலேயே பன்னுவுக்குச் சலைன் ஏற்றிவிட்டு, சோறு ஊட்டிவிட்டு, மத்தியானம் தண்ணீர் மட்டும் கொடுங்க, சாயங்காலம் வந்துடறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அங்கே பந்தியில் உட்கார்ந்தாலும் மனசெல்லாம் இங்கேதான். மழை பிடித்துக்கொண்டது, பஸ் தாமதம், வீட்டுக்குள் நுழைந்தால் விளக்குப் போடவில்லை. கூடத்தில் உங்கப்பா தரையில் குப்புறக் கிடக்கிறார். பக்கத்திலேயே பன்னு. எனக்கு உயிரே இல்லை. வயதான மனுஷன், பிரஷர் வேறு, மாத்திரை போட்டாரோ இல்லையோ என்று கையில் இருந்த தாம்பூலப் பையைப் போட்டுவிட்டு ஓடினேன். என்னங்க ஆச்சு என்று தோளைப் பிடித்துத் திருப்பப் பார்த்தால், இரு, இரு, ஆட்டாத என்கிறார். விளக்கைப் போட்டேன். ஒரு பச்சை மண் பாத்திரத்தின் விளிம்பில் தன் மோவாயை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார், மீசையெல்லாம் மண். "ஒசரம் பாக்குறேன். இப்பிடி இருந்தா பிடரி வலிக்குது அம்சா. இன்னும் ஒரு வெரக்கடை கொறைக்கணும்."

நடந்தது என்னவென்றால், மத்தியானம் அவர் ஸ்டீல் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறார். பன்னு எழுந்து வந்து கிண்ணத்துக்கு முன்னால் நின்றிருக்கிறான். தலையைக் குனிந்தால் நிறுத்த முடியவில்லை, மூக்கு முங்கிப்போய் தும்மிவிட்டுத் தலையை எடுத்திருக்கிறான். மறுபடி குனிந்தான், மறுபடி அதே. தாகத்தோடு கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான். உங்கப்பா இதை அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஆடியிலிருந்து அந்த நாயைக் கண் கொட்டாமல் பார்த்த மனுஷன், எத்தனை விலா எலும்பு என்று சொல்லத் தெரிந்த மனுஷன், அவனால் தானாகத் தண்ணீர் குடிக்க முடியாது என்பதைப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார், நான்தான் ஒவ்வொரு வேளையும் அவன் மோவாயை என் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு குடிக்கவைப்பேன், அந்த நேரத்தில் இவர் காதோ வாலோ செய்துகொண்டிருப்பார். அன்றைக்கு நான் இல்லை. அவர் கையால் ஏந்திப் பார்த்திருக்கிறார், பன்னு இரண்டு மடக்குக் குடித்திருக்கிறான், அப்புறம் இவருக்கு முட்டி பிடித்துக்கொண்டு எழ முடியவில்லை. இத வேளாவேளைக்கு நீ எப்பிடி செய்யுற என்று என்னைக் கேட்டார். பதில் கேட்டுக் கேட்ட கேள்வி இல்லை அது, நான் பன்னுவின் மோவாயை ஏந்தித் தண்ணீர் காட்டினேன்.

அந்தப் பாத்திரம் அப்படித்தான் உருவானது. பன்னு தூங்கும்போது நூலை வைத்துக் கழுத்தளவு எடுத்தார், முன்னங்கால் உயரம் எடுத்தார். அடியில் அகலமாக, தட்டினால் கவிழாத மாதிரி. ஒரு பக்கத்து விளிம்பைத் தாழ்த்தி, பட்டையாக்கி, நடுவில் லேசாகக் குழித்திருக்கிறார், மோவாய் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும், மூக்கு தண்ணீருக்கு மேலே நிற்கும், நாக்கு மட்டும் எட்டும். முதலில் செய்ததைக் கலைத்தார், அடுத்ததையும் கலைத்தார். மழைக்காலத்தில் மண் காயமாட்டேன் என்கிறது, அடுப்படியில் என் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார், நானும் கல்லைக் கொஞ்சம் நகர்த்தி இடம் கொடுத்தேன். தங்கராசு சூளையில் வைக்கக் கொண்டுபோனபோது அவர் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னண்ணே இது, எச்சிக்கை கழுவுற கிண்ணமா, இதுக்கு எந்தக் கடையில எடம் குடுப்பான் என்றாராம். "யாரு குடுக்கச் சொன்னா" என்று கேட்டாராம் உங்கப்பா. கொழுத்த நாய்க்கு ஜோடியாக ஒரு கொழுத்த குட்டி வேண்டும் என்று தங்கராசு கேட்டதற்கும், நீயே பண்ணிக்க, எனக்கு வேலை இருக்குது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எனக்குத் தெரிந்து அவர் வேலை இருக்கிறது என்று சொல்லி, உண்மையிலேயே வேலை இருந்தது அன்றைக்குத்தான்.

பாத்திரம் வெள்ளை கிளேஸ் பூச்சுப் பளபளக்க வெந்து வந்தது. பூ இல்லை, கோடு இல்லை, ஒன்றுமில்லை. தண்ணீர் ஊற்றிக் கூடத்தில் வைத்துவிட்டு நாங்கள் இருவரும் எதையோ பார்ப்பதுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். பன்னு வந்தான், முகர்ந்தான், சுற்றிப் போனான், மறுபடி வந்தான். அப்புறம் மோவாயை அதில் வைத்தான். சளக் சளக் என்று சத்தம் கேட்டது. உங்கப்பா என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார், இந்த வயதில். பிரபா வீட்டுக்கு வந்திருந்தபோது அதைக் கவிழ்த்துப் பார்த்து, கிளேஸ்ல ஈயம் கலக்கலியே என்று மட்டும் கேட்டாள். பாராட்டுவாள் என்று காத்திருந்தவருக்கு ரோஷம் வந்துவிட்டது, கிளேஸில் என்னென்ன சேரும் என்று பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார், அந்தப் பெண் டீ ஆறிப்போகிற வரைக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். இப்போது சலைனும் அவரே ஏற்றுகிறார். என்னளவுக்கு நேர்த்தி இல்லை, ஆனால் வாந்தி துடைப்பதில் நல்ல முன்னேற்றம்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பன்னு தேறிவிட்டான் என்று நினைத்துக்கொள்ளாதே. தேறமாட்டான். தானாகத் தண்ணீர் குடிக்கிறான், அவ்வளவுதான். பிரபா எங்களிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள், சோறு தண்ணி ரெண்டையும் சுத்தமா நிறுத்தினா, வலியில அனத்தினா எனக்கு போன் பண்ணுங்க, நானே வூட்டுக்கு வந்து ஊசி போட்டு அனுப்பி வெச்சிடறேன் என்று. முன்பு இந்தப் பேச்சு எடுத்தாலே உங்கப்பா எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவார். இந்தத் தடவை உட்கார்ந்து, அவனுக்கு வலிக்குமா, எங்க மடியிலயே வெச்சிக்கலாமா என்று எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டார். இழுத்துக்கொண்டு கிடக்க விடுவதில்லை என்று இருவரும் பேசி முடித்திருக்கிறோம். அவன் உன் நாய். அந்த நாள் வந்தால் உன்னைக் கேட்க நேரம் இருக்குமோ இருக்காதோ, அதனால் இப்போதே கேட்கிறேன், நாங்கள் நினைப்பது உனக்குச் சம்மதமா என்று என்னிடம் சொல். லீவு கிடைத்து வருவதாக இருந்தால் பொங்கலுக்கு என்று காத்திராதே, முடிந்தால் உடனே வா. வரமுடியாவிட்டால் மனசைப் போட்டு வதைத்துக்கொள்ளாதே, இங்கே அவன் தனியாக இல்லை. அப்பாவைத் திட்டாதே. திட்டியே ஆக வேண்டும் என்றால் என்னைக் கேட்டுவிட்டுத் திட்டு, நான் ஏற்கெனவே எதற்கெல்லாம் திட்டிவிட்டேன் என்று சொல்கிறேன், வீணாக இரண்டு தடவை ஆகவேண்டாம்.

இன்று காலையில் பன்னு தண்ணீர் குடித்துவிட்டு, மோவாயை எடுக்காமல் அப்படியே விளிம்பிலேயே தூங்கிப்போய்விட்டான். தரை துடைக்க வேண்டும், பாத்திரத்தை எடுங்க என்றேன். உங்கப்பா வாயில் விரலை வைத்து என்னைச் சத்தம் போடாதே என்றார். நான் அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தைத் துடைத்தேன். இப்போது பின்கட்டில் உட்கார்ந்து, தண்ணீருக்கு ஒன்று, தூங்குவதற்கு ஒன்று என்று தண்ணீர் ஊற்றாத இன்னொன்று செய்துகொண்டிருக்கிறார். அது காய்ந்து வெந்து வருவதற்குள் என்ன ஆகுமோ என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நீ நோய் நொடி இல்லாமல், நல்ல மனுஷர்கள் சூழ, நீ நினைத்ததெல்லாம் நடந்து நன்றாக இருக்க வேண்டும் என்று அந்தப் பழமலைநாதரை வேண்டிக்கொள்கிறேன். தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே. நிலவன் புது ஊருக்கு வருகிற பையன், முதல் வாரமாவது கூப்பிட்டு ஒருவேளை சோறு போடு. இன்னொன்று, மறந்துவிடாதே. அடுத்த தடவை போன் செய்யும்போது படம் காட்டச்சொல்லாதே, சும்மா குரலில் கூப்பிடு, போனைப் பன்னு காதுக்குப் பக்கத்தில் வைக்கச்சொல்லி இரண்டு வார்த்தை அவனிடம் பேசு. உன் பேரைச் சொன்னாலே இப்போதும் ஒரு காதை மட்டும் தூக்குகிறான், முழுக்க நிற்காது, பாதி எழுந்து அப்படியே மடிந்துவிடும். அதை மட்டும் மண்ணில் செய்யவே முடியாது என்கிறார் உங்கப்பா.

என்றும் உன் நலனையே நினைத்திருக்கும்
அம்மா
அம்சவல்லி கோதண்டபாணி